நற்பெயரே கைமுதல்!



கடை திறக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், இடம், பணம், சரக்கு, ஆள் என்று வரிசையாகச் சொல்வோம். இவை யாவும் இருந்தும் ஓராண்டு தாங்காமல் கதவடைத்த கடைகள் உண்டு. இவற்றுள் பாதியும் இல்லாமல் தொடங்கி மூன்று தலைமுறைகளாக நிமிர்ந்து நிற்கும் கடைகளும் உண்டு. "அங்கே போனால் நம்பி வாங்கலாம்" என்று ஊரார் சொல்லும் சொல்லே இவ்விரண்டையும் பிரிக்கிறது. வங்கியில் கடனாகக் கிடைக்காத இந்தக் கைமுதலைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

முன்பெல்லாம் ஒரு கடையின் நற்பெயரும் கெட்ட பெயரும் தெருவுக்குள்ளேயே சுற்றி வந்தன. மனம் நொந்த வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் சொல்வார். கடைக்காரர் மறுநாள் அவரைக் கண்டு, குறையைக் கேட்டு, பொருளை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். இன்று அதே வாடிக்கையாளர் கையில் கைபேசி இருக்கிறது. உணவுத் தட்டில் கிடந்த பூச்சியை அவர் படமெடுத்து அனுப்பினால், நீங்கள் கல்லாவிலிருந்து எழுந்து வருவதற்குள் அது உங்கள் மாவட்டத்தைக் கடந்திருக்கும். 'உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது' என்று நம் முன்னோர் சொன்னபோது, ஊர் இத்தனை பெரிதாகும் என்று எண்ணியிருப்பார்களா?

"இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன?" என்று ஒதுக்கிவிட வேண்டாம். தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கும், வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் புர்கா விற்கும் சகோதரிக்கும், வாட்ஸ்அப் வழியே ஊறுகாய்க்கு ஆர்டர் பிடிக்கும் மூதாட்டிக்கும் இது பொருந்தும். பெரிய நிறுவனம் அடிபட்டால் எழுந்து நிற்க அதனிடம் பணம் இருக்கிறது. சிறு வணிகருக்கு அடுத்த மாத வாடகையே கேள்விக்குறியாகிவிடும். ஆகவே பெரியவர்கள் பட்ட அடிகளைப் பார்த்துச் சிறியவர்களாகிய நாம் பாடம் படித்துக்கொள்வது நல்லது.

ஒரு கிதார் உடைந்த கதை

கனடா நாட்டு இசைக்கலைஞர் டேவ் கரோல், 2008 மார்ச் மாதம் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனத்தில் பயணம் செய்தார். சிக்காகோ விமான நிலையத்தில் சுமை ஏற்றுவோர் இசைக்கருவிப் பெட்டிகளைத் தூக்கி எறிவதைப் பயணிகள் விமானத்திலிருந்தே கண்டனர். இறங்கிப் பார்த்தபோது அவருடைய 3,500 டாலர் மதிப்புள்ள கிதார் உடைந்திருந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆயிற்று. அந்தத் தொகையைக் கேட்டு ஒன்பது மாதங்கள் அலைந்தார். ஒவ்வொரு அலுவலரும் இன்னோர் அலுவலரைக் கைகாட்டினார். இறுதியில், 24 மணி நேரத்திற்குள் புகார் செய்யவில்லை என்ற விதியைக் காட்டி நிறுவனம் கையை விரித்தது.

கரோல் வழக்குமன்றம் போகவில்லை. நடந்ததைப் பாட்டாக்கி 2009 ஜூலை 6 ஆம் நாள் யூடியூபில் ஏற்றினார். ஒரே நாளில் ஒன்றரை லட்சம் முறை பார்க்கப்பட்டது. அடுத்த மாதம் அந்த எண்ணிக்கை 50 லட்சத்தைத் தொட்டது. அதன் பிறகுதான் நிறுவனம் ஓடி வந்து இழப்பீடு தர முன்வந்தது. "எனக்கு வேண்டாம், நற்பணிக்குக் கொடுங்கள்" என்றார் அவர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். நிறுவனம் மேற்கோள் காட்டிய விதி பொய்யான விதியன்று. ஏட்டில் இருந்த விதிதான். அதைக் கொண்டு 1,200 டாலரை மிச்சப்படுத்த முயன்ற அலுவலர், தம் கடமையைச் செய்ததாகவே கருதியிருப்பார். ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் விதியைப் பார்க்கவில்லை. உடைந்த கிதாரையும் ஒன்பது மாத அலைச்சலையுமே பார்த்தார்கள்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும்...

சூடு கண்ட அந்த நிறுவனம் பாடம் படித்துக்கொண்டதா? 2017 ஏப்ரல் 9 ஆம் நாள் சிக்காகோவிலிருந்து லூயிவில் செல்ல வேண்டிய விமானத்தில் பயணிகள் அனைவரும் அமர்ந்துவிட்டனர். அப்போது, தம் ஊழியர் நால்வருக்கு இடம் தேவை என்று நிறுவனம் அறிவித்தது. 800 டாலர் வரை தருவதாகச் சொல்லியும் யாரும் எழவில்லை. நான்கு பேரைத் தாங்களே தேர்ந்தெடுத்து இறங்கச் சொன்னார்கள். அவர்களுள் முதியவரான ஒரு மருத்துவர், மறுநாள் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுத்தார். விமான நிலையப் பாதுகாவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கித் தரையோடு இழுத்துச் சென்றனர். அவர் பற்களை இழந்தார், மூக்கு உடைந்தது. சுற்றியிருந்தோர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது.

இத்தனை நடந்த பின்னும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ் வெளியிட்ட முதல் அறிக்கை அதையும் கெடுத்தது. பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்காக அவர் வருத்தம் தெரிவித்தார். இரத்தம் வழிய இழுக்கப்பட்ட மனிதருக்கு மாற்று ஏற்பாடு என்று பெயரா? அதே நாளில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதம், பயணி முரண்டு பிடித்தார் என்று பழியை அவர் மீதே சுமத்தியது. உள்ளுக்குள் எழுதிய அக்கடிதமும் வெளியே கசிந்தது. மறுநாள் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. அதன் பிறகே முழுமையான மன்னிப்பு வந்தது. மாத இறுதிக்குள் அந்தப் பயணியுடன் சமரசம் செய்துகொண்டார்கள். தாமாக இருக்கையை விட்டுக்கொடுப்போருக்கு 10,000 டாலர் வரை தரலாம் என்று விதியையும் மாற்றினார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம்தான் மக்கள்தொடர்புத் துறையின் பெயர்பெற்ற இதழ் ஒன்று முனோஸை ஆண்டின் சிறந்த தொடர்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. பேச்சுத் திறமையும் விருதும் அவரைக் காப்பாற்றவில்லை. அடிபட்டவருக்காக இரங்கும் ஒரு சொல் முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

நூடுல்ஸ் தந்த பாடம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் மேகி நூடுல்ஸ் 2015 இல் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கியில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் 2014 இல் மாதிரிப் பொட்டலங்களை எடுத்தார். 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்று உறையில் அச்சிட்டிருந்தும், பரிசோதனையில் அது இருப்பதாகத் தெரிந்தது. மாதிரி கொல்கத்தாவிலுள்ள மத்திய ஆய்வகத்துக்குப் போயிற்று. அங்கே, பத்து லட்சம் பங்கில் 2.5 பங்கு வரை அனுமதிக்கப்பட்ட ஈயம் 17.2 பங்கு இருப்பதாக முடிவு வந்தது. 2015 மே மாதத்தில் செய்தி நாடெங்கும் தீயாய்ப் பரவியது. தாய்மார்கள் அஞ்சினார்கள். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை விதித்தன. தமிழ்நாடும் மூன்று மாதத் தடை விதித்தது. ஜூன் 5 ஆம் நாள் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது.

நெஸ்லே நிறுவனம் அந்நாட்களில் என்ன செய்தது? "எங்கள் பொருள் பாதுகாப்பானது" என்று அறிக்கை விட்டது. கேட்பவர்களுக்கெல்லாம் ட்விட்டரில் ஒரே அச்சில் வார்த்த விடையை அனுப்பியது. நிலக்கடலைப் புரதம், வெங்காயத்தூள், கோதுமை மாவு ஆகியவற்றில் இயற்கையாகவே குளூட்டமேட் இருப்பதாகவும், தாங்கள் தனியாக எதையும் சேர்க்கவில்லை என்றும் விளக்கியது. ஆய்வகத்தில் நின்று கேட்டால் இது ஏற்கத்தக்க விளக்கமே. அடுப்பங்கரையில் நிற்கும் தாய் கேட்டதோ வேறு: "என் பிள்ளைக்கு இதை இன்று கொடுக்கலாமா?" அவர் கேட்ட கேள்விக்கு அவர் மொழியில் நேரத்தோடு பதில் வரவில்லை.

இழப்பு சிறிதன்று. 35,000 டன்னுக்கு மேற்பட்ட நூடுல்ஸைத் திரும்பப் பெற்றுச் சிமெண்டு ஆலைகளின் சூளைகளில் எரித்தார்கள். அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியா 64.4 கோடி ரூபாய் நட்டக் கணக்குக் காட்டியது. நாட்டின் நூடுல்ஸ் சந்தையில் முக்கால் பங்கை வைத்திருந்த பெயர் கடை அலமாரிகளிலிருந்தே மறைந்தது.

மீண்ட விதமும் நாம் அறியத்தக்கது. ஆகஸ்டு மாதம் சுரேஷ் நாராயணன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆகஸ்டு 13 ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றம் தடையை நீக்கி, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடியும் சோதிக்கச் சொன்னது. மூன்றிலும் ஈயம் வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்தது. நவம்பர் 9 ஆம் நாள் பொருள் மீண்டும் கடைக்கு வந்தது. இணையவழி விற்பனையில் 60,000 பெட்டிகள் ஐந்தே நிமிடங்களில் தீர்ந்தன. உறையிலிருந்த 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் இப்போது இல்லை.

இறுதி முடிவு நிறுவனத்துக்குச் சாதகமாகவே அமைந்தது என்பதைக் கவனியுங்கள். உண்மை நம் பக்கம் இருந்தாலும், அதை உரிய நேரத்தில் எளிய சொல்லில் மக்களிடம் சேர்க்காவிட்டால், உண்மை வந்து சேர்வதற்குள் கடையில் சரக்கு இராது.

நட்டத்தை ஏற்றவர் நிலைத்தார்

சமூக ஊடகங்கள் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு நிகழ்ச்சி, இத்துறையில் இன்றும் முதற்பாடமாகச் சொல்லப்படுகிறது. 1982 செப்டம்பர் இறுதியில் சிக்காகோ வட்டாரத்தில் டைலினால் என்னும் வலிநிவாரணி மாத்திரையை உண்ட எழுவர் மாண்டனர். கடைகளில் இருந்த புட்டிகளில் யாரோ ஒரு கொடியவன் சயனைடு நஞ்சைக் கலந்திருந்தான். தவறு தொழிற்சாலையில் நடக்கவில்லை. "எங்கள் குற்றமன்று" என்று சொல்ல ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்துக்கு முழு உரிமை இருந்தது.

ஆயினும் தலைவர் ஜேம்ஸ் பர்க், எந்த மாத்திரையையும் உட்கொள்ள வேண்டாம் என்று தம் பொருளைப் பற்றித் தாமே மக்களை எச்சரித்தார். நாடெங்கும் இருந்த 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றார். அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களில், யாரேனும் பிரித்தால் உடனே தெரியும்படி மூன்று அடுக்கு முத்திரையிட்ட புதிய உறையுடன் மருந்து வந்தது. வலிநிவாரணிச் சந்தையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்திருந்த அதன் இடம் ஓராண்டுக்குள் பெருமளவு மீண்டது.

அதே நிறுவனம் பிற்காலத்தில், குழந்தைகளுக்கான பூசுமாவில் கல்நார் கலந்திருந்ததாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. குற்றச்சாட்டை மறுத்தபோதிலும், டால்க் கலந்த அந்த மாவின் விற்பனையை வட அமெரிக்காவில் 2020 இலும் உலகெங்கும் 2023 இலும் நிறுத்திக்கொண்டது. நற்பெயர் ஒருமுறை ஈட்டி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகையன்று. தினந்தோறும் ஈட்ட வேண்டிய கூலி அது.

சிறிய தவறாயின் சிரித்த முகத்தோடும் ஏற்கலாம். 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. நிறுவனம் சரக்கு கொண்டுவரும் நிறுவனத்தை மாற்றியபோது ஏற்பாடு குளறுபடியாகி, ஏறத்தாழ 900 கடைகளில் பாதிக்கு மேல் கோழி இல்லாமல் மூடிக்கிடந்தன. மன்னிப்புக் கேட்டபோது அவர்கள் சரக்கு கொண்டுவந்தவர் மீது பழி போடவில்லை. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, கோழிக்கடையில் கோழி இல்லாமற் போனதைத் தாமே எள்ளி, வாடிக்கையாளரிடம் மன்னிப்பும் ஊழியருக்கு நன்றியும் தெரிவித்தனர். எந்தெந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை இணையத்தில் அன்றாடம் அறிவித்தனர். மக்களும் சிரித்து மன்னித்தனர்.

அம்பாறையில் நடந்தது

இதுவரை சொன்னவை பணம் தொடர்பானவை. வதந்தி பணத்தோடு நிற்பதில்லை.

2018 பிப்ரவரி 26 ஆம் நாள் இரவு, இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய சிற்றுண்டிச்சாலையில், சாப்பிட வந்தவர் உணவில் ஒரு கட்டியைக் கண்டார். 'சிங்களவரை மலடாக்க மாத்திரை கலக்கிறார்கள்' என்ற பொய் ஏற்கெனவே முகநூலில் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம் சேர்ந்தது. மிரட்டிக் கேட்ட கூட்டத்தின் நடுவில், சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் அஞ்சி நடுங்கி 'ஆம்' என்பதுபோல் ஏதோ சொன்னார். அதைப் படமெடுத்து 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று பரப்பினார்கள். கடை நொறுக்கப்பட்டது. அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசு பகுப்பாய்வுத் துறை பின்னர் அக்கட்டியைச் சோதித்தது. அது மாவுக்கட்டி, அதில் எந்த மருந்தும் இல்லை.

அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் வேறொரு காரணத்தால் மூண்ட கலவரத்தின்போதும் சமூக ஊடகப் பொய்கள் தீயில் எண்ணெய் வார்த்தன. அரசு அவசரநிலை அறிவித்து, முகநூல், வாட்ஸ்அப் ஆகியவற்றைச் சில நாட்கள் முடக்கியது. அவ்வாண்டு நிகழ்ந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. உடைந்த கடைக்கு அந்த வருத்தம் கூரையாகுமா?

மாவு கரையாத குழம்பு எந்தச் சமையலறையிலும் நேரக்கூடியது. அந்நேரத்தில் கடைக்காரர் பக்கத்தில், வந்தவரின் மொழி தெரிந்த ஒருவர் நின்று, "அச்சமாக இருந்தால் காவல்துறையை அழைத்துச் சோதனைக்கு அனுப்புவோம்" என்று சொல்லியிருந்தால்? கூட்டம் அடங்கியிருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் அந்தப் பொய் வாக்குமூலம் பிறந்திருக்காது.

நாம் செய்ய வேண்டியவை

புகார் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. உணவு விற்போர் 14 இலக்க உரிம எண்ணை அனைவரும் காணும்படி வையுங்கள். சரக்கு வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைப் பக்கம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். பிறர் எழுதும் கருத்துகளுக்கு அங்கே நீங்கள் விடை எழுத முடியும். இக்கட்டான வேளையில் கடைக்காகப் பேசுபவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். தம்பி ஒன்று சொல்ல, மைத்துனர் வேறொன்று சொல்ல, கல்லாவில் இருப்பவர் மூன்றாவது ஒன்றைச் சொன்னால் உண்மையும் பொய்போல் தோன்றும்.

புகார் வந்துவிட்டதா? சினம் தணியும்வரை விடை எழுதாதீர்கள். ஆனால் மணிக்கணக்கில் மௌனமாகவும் இராதீர்கள். எடுத்துக்காட்டாக, உங்கள் கடைப் பிரியாணியில் பூச்சி கிடந்ததாக ஒருவர் படம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"தங்கள் படத்தைக் கண்டோம். மிகவும் வருந்துகிறோம். அன்று சமைத்ததில் எஞ்சியதை விற்காமல் நிறுத்திவிட்டோம். சமையலறையைச் சோதித்து வருகிறோம். என்ன நடந்தது என்பதை இன்று மாலை 6 மணிக்குள் இங்கேயே தெரிவிப்போம். தாங்கள் செலுத்திய தொகையைத் திருப்பித் தர விரும்புகிறோம்."

இதில் வருத்தம் இருக்கிறது, செய்த செயல் இருக்கிறது, அடுத்த செய்தி வரும் நேரம் இருக்கிறது. தெரியாத எதையும் தெரிந்ததாகச் சொல்லவில்லை. மாலை 6 மணிக்கு அந்தச் செய்தி வந்தே தீர வேண்டும்; புதிதாக எதுவும் தெரியாவிட்டால் அதையே சொல்லுங்கள். குறை கூறியவரின் பதிவை நீக்க முயலாதீர்கள். நீக்கினால், "மறைக்கிறார்கள்" என்ற இரண்டாவது குற்றச்சாட்டு பிறக்கும். புகார் முழுப் பொய்யாயின், சான்றுகளை ஒருமுறை தெளிவாக வெளியிட்டுவிட்டு, அவதூறு பரப்பியவர் மீது காவல்துறையின் இணையக் குற்றப்பிரிவில் முறையிடுங்கள். தெருச்சண்டையை இணையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. காசு கொடுத்தால் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை நூற்றுக்கணக்கில் எழுதித் தருவதாகச் சொல்வோர் உங்களைத் தேடி வருவார்கள். அது கள்ளத் தராசு. எடைக்கல்லில் கள்ளம் செய்ய அஞ்சும் நாம் இதற்கு மட்டும் துணியலாமா? சட்டமும் இதைக் கவனிக்கிறது. இணையக் கருத்துரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 இல் ஐ.எஸ். 19000 என்ற நெறிமுறையை வெளியிட்டது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறான வழியில் இட்டுச் செல்லும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்வோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் விதி.

பகிர்பவரும் பங்காளியே

கடை இல்லாத வாசகர்களே! உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு கடையைப் பற்றிய அச்சமூட்டும் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று விரல் துடிக்கிறது. எந்த ஊர், எந்த நாள், யார் சோதித்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையேல் உங்களோடு நிற்கட்டும். பொய்கள் பரவிய வேகத்தைக் கண்டே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் 2018 இல் கட்டுப்பாடு விதித்தது. பன்முறை கைமாறிய செய்தியை 2020 முதல் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இயந்திரத்துக்கு இருக்கும் தயக்கம் மனிதருக்கும் இருக்க வேண்டுமன்றோ?

குறை உண்மையாகவே உங்களுக்கு நேர்ந்திருந்தால், முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். அவர் அலட்சியம் செய்தால் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். நல்ல பொருள் தந்தவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். மனநிறைவோடு போகிறவர்கள் வாய்மூடிப் போய்விடுவதால்தான், நாணயமான பல கடைகளின் பக்கத்தில் குறைகள் மட்டுமே கண்ணில் படுகின்றன.

வணிகம் செய்யும் சகோதர சகோதரிகளே! இன்றிரவு கடையைச் சாத்தியதும் கைபேசியை எடுத்து, உங்கள் கடையைப் பற்றி மக்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். விடை சொல்லப்படாத குறை ஒன்றேனும் அங்கே காத்திருக்கக்கூடும். உறங்கும் முன் அதற்கு மரியாதையாக ஒரு பதில் எழுதிவிடுங்கள். நாளைக் காலை அந்தக் குறையைச் சரிசெய்த பின் கல்லாவைத் திறங்கள்!